சாப்டாச்சா, அக்கா?

ஆறுகாட்டுப்பள்ளத்தில் பசி ஒழிந்துவிட்டது என்ற செய்தி இந்திராணிக்கு வேதாரண்யம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது கிடைத்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனைத் திறந்தாள். பச்சை எழுத்தில், ஓரத்தில் ஒரு சின்னப் பூப்படத்தோடு, ‘ஆறுகாட்டுப்பள்ளம்: தேறியது. அடுத்த மாதம் முதல் உணவு லாரி தேவையில்லை’ என்றிருந்தது. அந்தப் பூவை வைத்த ஆள் கையில் கிடைத்தால் என்ன செய்யலாம் என்று இறங்கும் நிறுத்தம் வரை யோசித்துக்கொண்டே வந்தாள்.

முந்தின நாள்தான் அந்த ஊர்த் தவமணி உப்பளத்தில் மயங்கி விழுந்திருந்தாள். நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு, இதற்கு ஊசி எல்லாம் வேண்டாம், சோறு போடுங்கள் போதும் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். பசி ஒழிந்த ஊருக்கு அப்படி ஒரு வைத்தியம்.

இந்தப் பக்கத்தில் கடல் ஊருக்குள் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. வந்தது திரும்பிப் போனாலும் உப்பை வயலிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தது. நெல் முளைக்கவில்லை. கேணித் தண்ணீரில் சோறு பொங்கினால் உப்புப் போட வேண்டியதில்லை. உப்பளத்திலும் பாதி வேலையை இயந்திரம் வாங்கிக்கொண்டது. அதனால்தான் ‘வயிறார’ என்றொரு திட்டம் வந்தது. மாதம் ஒரு லாரி, வீட்டுக்கு வீடு தலைக்கு இவ்வளவு என்று அரிசி, பருப்பு, எண்ணெய். இந்திராணி அந்தத் திட்டத்தில் கற்றல் அலுவலர். இந்தப் பதவியின் பெயரைச் சொன்னாலே ஊரில் சிரிப்பார்கள். நாற்பது வயதாகியும் இன்னும் படித்து முடிக்கவில்லையா என்று ஒரு கிழவர் உண்மையிலேயே வருத்தப்பட்டுக் கேட்டிருக்கிறார். திட்டம் எங்கே தப்புப் பண்ணுகிறது என்று பார்த்து, அதைத் திருத்தி, திருத்தியதில் என்ன தப்பு என்று மறுபடி பார்ப்பதுதான் அவள் வேலை. தலைமையகத்தில் இதற்குத் தகவமைப்பு மேலாண்மை என்று பெயர். தட்டுத் தடுமாறி நடப்பதற்கு அப்படி ஒரு மரியாதையான பெயர் கிடைத்திருந்தது.

ஆனால் இப்போதெல்லாம் தடுமாறுவதைக்கூட அவள் செய்வதில்லை. அதையும் இயந்திரம் செய்தது. தினமும் மத்தியானம் ஒவ்வொரு வீட்டுக்கும் அது போன் பண்ணும். இருபது வயதுப் பெண்ணின் குரல். யார் வீட்டில் என்ன நிலைமை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, எந்த ஊருக்கு எத்தனை மூட்டை என்று அதுவே முடிவு பண்ணும். அதற்கு நிறுவனம் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஜனங்கள் படியளக்குற பொண்ணு என்றார்கள். அது பிறந்தபோது இந்திராணி மனதார சந்தோஷப்பட்டவள்தான். முன்பெல்லாம் வருஷத்துக்கு இரண்டு தடவை கணக்கெடுத்து, அறிக்கை அச்சாகி வருவதற்குள் பசித்தவர்கள் ஊரைவிட்டே போயிருப்பார்கள்.

பஸ் நிறுத்தத்தின் நிழலில் நின்று அவள் சென்னைக்குப் போன் போட்டாள். அந்த இயந்திரத்தைக் கவனித்துக்கொள்ளும் நிரஞ்சன் எடுத்தான். நல்ல பையன், எதற்கும் பதறாதவன். அந்தப் பதறாமைதான் அன்றைக்கு அவளுக்குப் பொறுக்கவில்லை.

“டேட்டா சுத்தமா இருக்கு மேடம். அந்த ஊர்ல மூணு மாசமா எல்லா வீட்டுலயும் சாப்பிடுறாங்க.”

“யார் சொன்னது?”

“அவங்களேதான். முதல்ல நாம எழுதிக் குடுத்த கேள்வி ஞாபகம் இருக்கா? கடந்த ஏழு நாட்களில் தங்கள் இல்லத்தில் எவரேனும் போதிய உணவின்றின்னு ஆரம்பிக்கும். பாதியிலயே போனை வெச்சுட்டாங்க. அப்புறம் அது பல மாதிரி கேட்டுப் பார்த்துச்சு. எப்படிக் கேட்டா ஜனங்க வைக்காம பேசுறாங்கன்னு அதுவாவே கத்துக்கிச்சு. இப்ப ரெண்டே வார்த்தை. ‘அக்கா, சாப்டாச்சா?’ அவ்வளவுதான். எல்லாரும் பதில் சொல்றாங்க மேடம், ஒருத்தர் விடாம.”

அப்படியானால் தவமணி எதற்கு விழுந்தாள் என்று இந்திராணி கேட்டாள். ஒரு ஆள் மயங்கியதை வைத்து ஊரை எடைபோட முடியாது, வெயிலாக இருக்கலாம் என்றான் நிரஞ்சன். அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏசி ஓடும் சத்தம் அவளுக்கே கேட்டது.

தவமணி வீடு சுனாமிக் குடியிருப்பில் இருந்தது. அந்த அலை வந்து இரண்டு தலைமுறை ஆகப்போகிறது, பேர் மட்டும் போகவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள். இந்த வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் நூறு வயசு என்பார்கள். தவமணிக்கு இந்திராணி வயதுதான் இருக்கும், பார்த்தால் பத்து வயது கூடுதலாகத் தெரிந்தது. புருஷன் திருப்பூருக்குப் போனவன், போனதோடு சரி. வீட்டில் பார்வை மங்கிய மாமனார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண் பிள்ளைகள், இவள். விழுந்த இடத்தில் நெற்றி வீங்கியிருந்தது. அதை முந்தானையால் மறைத்துக்கொண்டே பாயை விரித்துப் போட்டாள்.

இந்திராணி உட்காரவும் தவமணியின் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. அவள் முகம் சட்டென்று மலர்ந்துவிட்டது.

“அக்கா, சாப்டாச்சா?” என்றது அந்தப் பெண் குரல்.

“ஆச்சும்மா. நீ சாப்டியா?”

“நன்றி அக்கா. நாளைக்குப் பேசுறேன்.”

போனை வைத்துவிட்டுத் தவமணி, நல்ல பொண்ணு, ஆனா கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தெரியாது என்றாள். இந்திராணி எழுந்து போய் அடுப்படியில் பானையைத் திறந்து பார்த்தாள். விருந்தாளி செய்யக்கூடாத காரியம்தான். உள்ளே பாதிப் பானைத் தண்ணீர் இருந்தது.

அவளுக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அந்தக் குரல் ஒரு மெஷின், அதனிடம் ஆச்சு என்று சொன்னதால்தான் மாதாமாதம் மூட்டை குறைந்துகொண்டே வந்தது, இப்போது லாரியே நிற்கப்போகிறது, மூன்று மாதமாக இந்தத் தெருவே சேர்ந்து தன் வாயில் தானே மண்ணைப் போட்டுக்கொண்டிருக்கிறது என்று கத்தினாள். பக்கத்து வீட்டில் கேட்குமே என்பது கத்தி முடித்த பிறகுதான் உறைத்தது.

தவமணி கோபப்படவில்லை. மெஷின் என்று தெரியும், அவ்வளவு முட்டாளில்லை என்றாள்.

“அதுக்காக, அக்கான்னு கூப்ட்டு சாப்டாச்சான்னு கேக்குறவகிட்ட இல்லைங்கவா முடியும்? இல்லன்னு சொன்னா அவதானே சோறு போடணும்? போன்ல எப்படிப் போடுவா? பாவம், சங்கடப்படுவா. ஆச்சுன்னு சொன்னா முடிஞ்சுது.” பிறகு பேச்சை மாற்றுவதற்காகவோ என்னவோ, “நீங்க சாப்டாச்சா மேடம்?” என்றாள்.

“ஆச்சு, ஆச்சு. நான் வரும்போதே சாப்ட்டுட்டுத்தான் வந்தேன்.”

சொல்லிவிட்டு இந்திராணி அப்படியே நின்றாள். விடிந்ததிலிருந்து ஒரு டீயைத் தவிர அவள் வயிற்றுக்குள் எதுவும் போகவில்லை. யோசித்துச் சொன்ன பொய்யுமில்லை அது. கேள்வி வந்தது, பதில் தானாக வந்துவிட்டது. இல்லாத வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டு இல்லை என்று சொல்ல எந்தத் தமிழச்சிக்கு நாக்கு புரளும்?

சாப்டாச்சா என்பது கேள்வியே இல்லை. வணக்கம் மாதிரி, சௌக்கியமா மாதிரி அது ஒரு சொல். ஆச்சு என்பது பதிலும் இல்லை. திட்டத்தில் வேலை செய்த அத்தனை பேரும் தமிழர்கள். தினமும் பத்துப் பேரிடம் இதைக் கேட்டு, பத்துப் பேருக்கு இதைச் சொல்லுகிறவர்கள். மெஷின் இந்தக் கேள்வியைக் கண்டுபிடித்தபோது என்ன அழகாகப் பேசுகிறது என்று கைதட்டினார்கள். தட்டியவர்களில் இந்திராணியும் ஒருத்தி.

மறுநாள் நாகப்பட்டினம் அலுவலகத்திலிருந்து அவள் இயக்குநரோடு திரையில் பேசினாள். தேசிகன் என்று பெயர். மரியாதையானவர். எந்தக் கூட்டத்தையும் “எல்லாரும் சாப்டாச்சா?” என்று கேட்டுத்தான் ஆரம்பிப்பார். அன்றைக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார். இந்திராணி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அவள் சொன்னதை அவர் முழுக்கக் கேட்டார். மிகவும் முக்கியமான கற்றல் என்றார். பிறகு, அலுவலர் சொன்னார் என்பதற்காக லாரியை மறுபடி அனுப்பிவிட முடியாது என்றார். அலுவலர்கள் எப்போதும் தங்கள் ஊருக்குக் கூடுதலாகத்தான் கேட்பார்கள் என்று இயந்திரம் அனுபவத்தில் கற்றிருக்கிறதாம். அதனால் அவர்கள் பேச்சுக்கு அது கடுகளவு மதிப்புதான் கொடுக்குமாம். பிள்ளைகளை எடைபோட்டுக் காட்டட்டுமா என்று கேட்டாள். அது அறுவடைக் காலத்துக்குப் பிறகுதான் நடக்கும் என்றார். எந்த அறுவடை என்று அவள் கேட்கவில்லை, கேட்டிருந்தால் வேலை போயிருக்கும்.

“பசிக்குதுன்னு அவங்க வாயால சொல்லட்டும் இந்திராணி. சொன்னா அன்னைக்கே எல்லாம் மாறிடும். மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். அதுக்கப்புறம் லாரியை வேற மாவட்டத்துக்கு எழுதிடுவாங்க.”

அவ்வளவுதானே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை. இந்திராணி ஊரைக் கூட்டினாள். புயல் வந்தால் ஒதுங்கும் மண்டபத்தில் உட்காரவைத்து, நாளை போன் வந்தால் தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள், பசிக்கிறது என்று சொல்லுங்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டுக்கொண்டாள். எல்லோரும் தலையாட்டினார்கள். மறுநாள் மத்தியானம் எல்லோரும் ஆச்சு என்றார்கள். ஒரே ஒருவர் மட்டும் கொஞ்சம் பசிதான், ஆனா பரவாயில்லம்மா என்றார். இயந்திரம் அந்தப் பரவாயில்லையை எடுத்துக்கொண்டது. பசி வந்தால் பத்தும் பறந்து போகும் என்பார்கள். ஆறுகாட்டுப்பள்ளத்தில் ஒன்பதுதான் பறந்திருந்தது. மானம் மட்டும் ஒட்டிய வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கேள்வியை மாற்றுவோம் என்று நிரஞ்சனைப் பிடித்தாள். உணவு என்ற பேச்சே வேண்டாம், இன்றைக்கு அடுப்பு எரிந்ததா என்று மட்டும் கேட்கச் சொன்னாள். அவன் மாற்றிக் கொடுத்தான். விளைவு, பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது. முதல் வீட்டிலேயே ஒரு பெரியம்மா, “ஏன், எங்க வீட்டுல எழவா விழுந்து கெடக்கு?” என்று போனை வைத்தாள். சாவு வீட்டில்தான் அடுப்பு எரியாது என்பது இந்திராணிக்குத் தெரியாத விஷயமா? தெரியும். தெரிந்தும் இப்படிக் கேட்கச் சொல்லிவிட்டாள். தன் தலையில் ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது. அன்று பாதி ஊர் போனை எடுக்கவில்லை. இயந்திரம் அதிலிருந்தும் ஒன்று கற்றுக்கொண்டது. பழைய கேள்வியே நல்ல கேள்வி என்று அதற்கே திரும்பிவிட்டது.

மாசக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது. தவமணி மறுபடி உப்பளத்துக்குப் போக ஆரம்பித்துவிட்டாள் என்று கேள்விப்பட்டாள். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பாளா என்று நினைக்கவே இந்திராணிக்குப் பயமாக இருந்தது. வேறு வழி தெரியாமல், அலுவலகத்தில் உட்கார்ந்து பழைய பேச்சுப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் ஒரே மாதிரி. சாப்டாச்சா, ஆச்சும்மா, நீ சாப்டியா. சாப்டாச்சா, ஆச்சுத்தா, நீ சாப்ட்டியா தாயி. ஒரு வீடு விடாமல் திருப்பிக் கேட்டிருந்தார்கள். ஒரு தடவைகூட அதற்குப் பதில் இல்லை.

நிரஞ்சனைக் கூப்பிட்டு, ஜனங்கள் திருப்பிக் கேட்பதை மெஷின் என்ன செய்கிறது என்று விசாரித்தாள். பதிலில் சேராத பேச்சு என்று வெட்டித் தூரப் போட்டுவிடும் என்றான்.

“அதுக்குப் பதில் சொல்ல வை.”

“என்னன்னு மேடம்?”

“இன்னும் இல்லக்கான்னு.”

அவன் முதல் தடவையாகக் கொஞ்சம் பதறினான். மெஷின் தன்னை மனுஷி மாதிரிக் காட்டிக்கொள்ளக் கூடாது, அது விதி, ஜனங்களிடம் பொய் சொல்ல அதற்கு அனுமதியில்லை என்றான்.

“இதுல என்னப்பா பொய்? அது பொறந்ததுலேருந்து ஒரு வாய் சாப்ட்டிருக்கா?”

தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்தால் சாப்பிடவில்லைதான் என்று நிரஞ்சன் ஒப்புக்கொண்டான். ஆனாலும் அவனுக்கு மனசு ஒப்பவில்லை என்பது குரலில் தெரிந்தது. அவளுக்கும் ஒப்பவில்லை. பட்டினி கிடக்கிற ஜனங்களின் இரக்கத்தைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறோமே என்று ஒரு பக்கம் உறுத்தியது. ஆனால் இன்னொரு பக்கம் தவமணியின் நெற்றி வீக்கம் இருந்தது.

அடுத்த நாள் மத்தியானம் இருவரும் அவரவர் இடத்தில் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு கேட்டார்கள்.

“அக்கா, சாப்டாச்சா?”

“ஆச்சும்மா. நீ சாப்டியா?” என்றாள் தவமணி, வழக்கம்போல.

“இன்னும் இல்லக்கா.”

அந்தப் பக்கம் கோழி ஒன்று கத்துவது மட்டும் கேட்டது. போனைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டாளோ என்று இந்திராணி நினைத்தாள்.

“ஏன்டி, மணி என்ன ஆவுது, இந்நேரம் வரைக்குமா சாப்புடாம இருப்ப?” தவமணியின் குரல் இறங்கிப்போயிருந்தது. “இங்க வாடின்னு கூப்புட்டுடலாம். கூப்ட்டு என்னத்தப் போடுறது? பானையில தண்ணிதான் கெடக்கு. புள்ளைங்க பள்ளிக்கூடத்துல தின்னுட்டு வந்துடுங்க, மாமாவுக்கு நேத்துக் கஞ்சி இருந்துச்சு. நான் முந்தாநேத்துலேருந்து இல்லடி. ஒங்கிட்ட சொல்றதுக்கு என்ன.”

பசித்தவளிடம் பசித்தவள் பொய் சொல்லவில்லை. அடுத்த வீட்டிலும் அப்படித்தான், அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். சில பேர் அழுதார்கள். ஒரு பெரியவர், பெத்தவங்க உன்னை எந்த ஊரில் இப்படி வேலைக்கு விட்டார்கள் என்று திட்டினார். அன்று சாயங்காலமே பச்சை எழுத்து சிவப்பாக மாறியது, ஓரத்திலிருந்த பூவும் காணாமல் போனது. இந்திராணி அலுவலகக் கழிப்பறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். நிம்மதியால் பாதி, இத்தனை எளிதான விஷயத்துக்கு இத்தனை நாளா என்ற எரிச்சலால் பாதி.

மாசம் பிறந்ததும் லாரி வந்தது. சும்மா வந்துவிடுமா? தேறியது என்று ஒரு தடவை எழுதிய ஊரில் மறுபடி தொடங்கினால் பாதி அளவில்தான் தொடங்க வேண்டும் என்று ஒரு விதி இருந்ததாம். அந்த விதியை எழுதினவன் அரை வயிற்றோடு ஒரு நாள் உப்பு வாரிப் பார்க்கட்டும் என்று இந்திராணி மனதுக்குள் சபித்தாள். மேலே எழுதிப் போட்டாள். ஆவன செய்யப்படும் என்று பதில் வந்தது.

ஆனால் அடுத்த மாத லாரி வந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. அளவு பாதியிலிருந்து முக்காலுக்கு ஏறியிருந்தது, அது எதிர்பார்த்ததுதான். அதற்கு மேல் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தலை கூடுதலாகப் பங்கு வந்திருந்தது. மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு நாலு பேருக்கு, நாலு பேர் வீட்டுக்கு ஐந்து பேருக்கு. தனியாக இருக்கும் கிழவிக்கும் இரண்டு பங்கு. மூட்டை இறக்கின ஆட்களுக்கே சந்தேகம் வந்து இந்திராணிக்குப் போன் போட்டார்கள். அவள் நிரஞ்சனுக்குப் போட்டாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக அவன் ஒரு நாள் முழுக்கத் தோண்டிவிட்டு அழைத்தான். குரலில் இப்போது நிஜமான பதற்றம் இருந்தது.

“மேடம், தப்பு நம்மளோடதுதான். போன்ல பதில் சொல்ற குரல் எல்லாத்தையும் அது அந்த வீட்டு ஆளுங்கன்னு எடுத்துக்கும். இதுவரைக்கும் அது கேள்வி மட்டும்தான் கேட்டுச்சு, அதனால பிரச்சினை இல்ல. இப்ப ‘இன்னும் இல்ல’ன்னு பதிலும் சொல்லுதுல்ல? அந்தக் குரலையும் எண்ணிடுச்சு.”

“எந்தக் குரலை?”

“அதோட சொந்தக் குரலை. அது கணக்குல ஒவ்வொரு வீட்டுலயும் ஒரு பொம்பளை இருக்கா. தினம் மத்தியானம் கேட்டா இன்னும் இல்லங்குறா. ஒரு நாள்கூட சாப்ட்டதா பதிவே கிடையாது. மாவட்டத்துலயே பெரிய பசி அவளுக்குத்தான். அதனால எல்லா வீட்டுலயும் அவளுக்கு முதல்ல ஒதுக்கியிருக்கு.”

இதைத் திருத்த எத்தனை நேரம் ஆகும் என்று கேட்டாள். ஒரே வரி, அரை மணி நேரத்தில் செய்துவிடலாம், ஆனால் தலைமையகத்துக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அது கற்றல் அலுவலர் வேலை என்றான். இறக்கின கூடுதல் மூட்டைகளைத் திரும்ப வாங்கச் சொல்வார்கள் என்றும் சொன்னான். இந்திராணி நெற்றியில் அறைந்துகொண்டாள். கொடுத்த அரிசியைத் திரும்ப வாங்கப் போகிறவளை அந்தத் தெரு எப்படிப் பார்க்கும் என்று நினைத்தபடியே, எழுதுவதற்கு முன்பு ஒரு தடவை நேரில் சொல்லிவிடலாம் என்று பஸ் ஏறினாள்.

தவமணி வீட்டுக்குள் அவள் போனபோது எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மாமனார், இரண்டு பிள்ளைகள், தவமணி. அவள் கையிலும் தட்டு இருந்தது. இத்தனை வருஷமாக இந்த வீட்டுக்கு வந்துபோகிறாள், தவமணி உட்கார்ந்து சாப்பிட்டு இந்திராணி பார்த்ததில்லை. எப்போது வந்தாலும் மற்றவர்கள் தின்பார்கள், இவள் நான் அப்புறம் என்பாள். அந்த அப்புறம் எப்போது வரும் என்று இந்திராணி கேட்டதும் இல்லை. கணக்கில் நாலு பேர் என்று எழுதி நாலு பேருக்கு அனுப்பினார்கள், அவ்வளவுதான். லாரி ஒழுங்காக வந்துகொண்டிருந்த காலத்தில்கூட அந்த நாலாவது பங்கு யார் வயிற்றுக்குப் போனது என்று எந்த மெஷினும் எந்த அலுவலரும் விசாரிக்கவில்லை.

தவமணி கூச்சத்தோடு தட்டைக் கீழே வைத்தாள். கூடுதல் பங்கு வந்ததைப் பற்றிக் கேட்கத்தான் மேடம் வந்திருக்கிறாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“அது படியளக்குற பொண்ணு பங்குங்க. சாப்புடல, சாப்புடலன்னே சொல்லிக்கிட்டிருந்தாளா, அரிசி வந்தவொடனே வாடின்னேன். நாளைக்குப் பேசுறேன், நாளைக்குப் பேசுறேன்னே ஏமாத்துறா. அவளுக்குன்னு தெனம் ஒரு தட்டுப் போட்டு வைக்கிறது. வீணாப் போவக் கூடாதுல்ல? அதான் நான் தின்னுடுறேன்.”

“உங்க பங்கு?”

“என்னோடது எப்பயும் போல புள்ளைங்களுக்குத்தான்.”

அவள் அதை எந்தப் பெருமையும் இல்லாமல், மழை பெய்தது என்பது போலச் சொன்னாள். சொல்ல வந்ததை இந்திராணி சொல்லவில்லை. தெருவில் இன்னும் நாலைந்து வீடு ஏறி இறங்கினாள். எல்லா வீட்டிலும் அதே கதைதான். எல்லா வீட்டிலும் வராத விருந்தாளிக்கு ஒரு தட்டு. அதைச் சாப்பிட்டவள் அந்தந்த வீட்டில் போனை எடுத்துப் பேசியவள். தனியாக இருக்கும் கிழவி மட்டும் இரண்டாவது பங்கைப் பொங்கி எதிர்வீட்டுக் கர்ப்பிணிக்குக் கொடுத்துவிட்டிருந்தாள்.

அவள் திரும்பி வந்து அலுவலகத்தில் உட்கார்ந்ததும் தேசிகனிடமிருந்து திரை அழைப்பு வந்தது. தணிக்கைக்காரர்கள் கேட்கிறார்களாம். ஆறுகாட்டுப்பள்ளத்தில் வீட்டுக்கு ஒரு ஆள் எப்படி அதிகமானார், வெளியூர்க்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்களா, அல்லது இயந்திரத்தில் ஏதாவது கோளாறா என்று அவர் மரியாதையாகத்தான் விசாரித்தார். நிரஞ்சனும் ஒரு மூலையில், சின்னக் கட்டத்துக்குள், மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

“கோளாறு இல்ல சார்,” என்றாள் இந்திராணி. “அந்த ஊர்ல ஒவ்வொரு வீட்டுலயும் சாப்பிடாத பொம்பளை ஒருத்தி இருக்கா. இத்தனை நாள் நம்ம கணக்குல வரல. இப்பத்தான் மெஷின் கண்டுபிடிச்சிருக்கு.”

“ரொம்ப முக்கியமான கற்றல்,” என்றார் தேசிகன். எதையோ குறித்துக்கொண்டார். “நேர்ல போய்ச் சரிபார்த்தாச்சா?”

“ஆச்சு சார்.”

நிரஞ்சன் தன் கட்டத்துக்குள் மெல்லத் தலைகுனிந்துகொண்டான். சிரிக்கிறானா என்று தெரியவில்லை. தேசிகன் திருப்தியோடு கூட்டத்தை முடிக்கப் போனவர், வழக்கமான மரியாதையை விட்டுவிட்டோமே என்று நினைவு வந்து நின்றார்.

“அப்புறம், சாப்டாச்சா இந்திராணி?”

“இன்னும் இல்ல சார்,” என்றாள் அவள்.

இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதில் வரும் என்று அவர் அறுபது வருஷத்தில் கேள்விப்பட்டதில்லை போலிருக்கிறது. இந்திராணி பையிலிருந்து டப்பாவை எடுத்துத் திறந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சாப்பிட ஆரம்பித்தாள்.